விலைப்பட்டியலின் கடைசி வரி

கணினி வாங்கப்போகும் நண்பர்கள் எங்களிடம் யோசனை கேட்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. தமிழ்த்துறையில் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும் இருவரிடம் இதைக் கேட்பானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். எங்களுக்கு இருக்கும் தகுதிகள் இரண்டு. முதலாவது, நாங்கள் மூன்று கணினிகளை உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டியிருக்கிறோம். இரண்டாவது, அவற்றுள் முதலாவதை எரித்திருக்கிறோம். நண்பர்கள் தேடி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தகுதிக்காகத்தான்.

வருகிறவர்கள் கையில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் ஒன்று இருக்கும். முதல் வரியில் பிராசஸர், அதன் தலைமுறை, வேகம். அடுத்து மதர்போர்டு. பிறகு ரேம் இத்தனை ஜிபி, எஸ்.எஸ்.டி. இத்தனை ஜிபி, மானிட்டர் இத்தனை அங்குலம். எல்லாவற்றுக்கும் கீழே, 'கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். உடன்' என்று ஒரு வரி. மற்ற ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் உண்டு. இதற்கு மட்டும் இரண்டும் இல்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைக் கணினியின் ஒவ்வோர் உறுப்புக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சட்டைக்கு இலவசமாகத் தைத்துத் தரும் பொத்தானைப் போல அந்த வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கணினியைக் கட்டுகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான் என்பதே எங்கள் கருத்து. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொன்னால்தான் இந்தக் கருத்துக்கு மதிப்பு இருக்கும்.

எங்கள் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு டேப் ரிகார்டருடன் அலைந்து, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டுமாக 46 கேசட்டுகள் பதிவுசெய்து வைத்திருந்தார். பாடியவர்களில் பெரும்பாலோர் அப்போதே முதியவர்கள். ஓய்வுபெற்றபோது அவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டு எங்களிடம் ஒப்படைத்தார். நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பதற்காகவே 2009-ல் எங்கள் முதல் கணினியைக் கட்டினோம்.

அப்போது பட்டியலின் மேல்வரிகளுக்காக நாங்கள் பட்ட பாட்டை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு பிராசஸர்களுக்கு இடையே இருந்த சிறு வேக வேறுபாட்டை ஒரு வாரம் விவாதித்தோம். ரேம் 1 ஜிபியா 2 ஜிபியா என்று மாலை நேரங்களைச் செலவிட்டோம். கடைசி வரியில் ஐயமே எழவில்லை. கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. தனியாக நல்லதொன்றை வாங்கியிருந்தால் ஏறத்தாழ 1,500 ரூபாய் கூடுதலாகியிருக்கும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்.

கணினி மூன்றாண்டுகள் ஒழுங்காகவே ஓடியது. 2012 வந்தது. சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்ட வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் உண்டு. கேடு மின்சாரம் போகும்போது வருவதைக் காட்டிலும் திரும்பும்போதுதான் மிகுதி. தெரு முழுவதும் மின்விசிறிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் ஒருசேர உயிர்பெறும் அந்த விநாடிகளில் மின்னழுத்தம் தாழ்ந்தும் எகிறியும் ஒரு நிலைக்கு வரும். அப்படி ஓர் இரவில் மின்சாரம் திரும்பியபோது பெட்டிக்குள் 'டப்' என்றொரு சத்தம், கருகல் நாற்றம், பிறகு அமைதி. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அது சாகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன் அழைத்துக்கொண்டு போயிற்று. டிஸ்க்கின் வெளிச்சுற்று கருகியதோடு, உள்ளே தகட்டைப் படிக்கும் தலையோடு இணைந்த மின்சுற்றும் கருகியிருந்ததால், தரவை மீட்டெடுப்பவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

அதில் 31 கேசட்டுகளின் பதிவுகள் இருந்தன. நாடாக்கள்தாம் கையில் இருக்கின்றனவே, மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஆனால் முதல் முறை ஓட்டும்போதே சில நாடாக்களின் காந்தப்பூச்சு துகளாக உதிர்ந்திருந்தது. ஒன்பது கேசட்டுகள் மறுமுறை பாடவில்லை. ஆசிரியரிடம் செய்தியைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "எழுமலைப் பாட்டி பாடினது இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. அது அந்த ஒன்பதில் ஒன்று.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். பழுது நீக்குபவர் ஒருவர் எங்கள் கண்முன்னே அதைத் திறந்து காட்டினார். உள்ளே மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. மின்சாரம் நுழையும் இடத்தில், அலைவுகளை வடிகட்டுவதற்கும் திடீர் எழுச்சியைத் தாங்கிக்கொள்வதற்கும் உரிய உறுப்புகளுக்கான இடங்கள் பலகையில் குறிக்கப்பட்டிருந்தன, உறுப்புகள்தாம் இல்லை. இரண்டு இடங்களில் வெறும் கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வடிவமைத்தவருக்குத் தேவை தெரிந்திருக்கிறது. விலையைக் குறைத்தவர் அதை நீக்கியிருக்கிறார். ஒரு நூலில் பொருளடக்கத்தை அச்சிட்டுவிட்டு இயல்களை விட்டுவிட்டால் நாம் சும்மா இருப்போமா? இங்கே சும்மா இருந்தோம். ஏனெனில் திறந்து பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை.

அதே வாரம் வேறொரு கடைக்காரர் எங்களுக்கு யோசனை சொன்னார்: "450 வாட் பத்தலை சார், அதான் போயிருக்கு. 600 போட்டுக்குங்க." பெரும்பாலோர் இன்றும் நம்புவது இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இது எவ்வளவு தவறு என்பது விளங்கியது. அந்தக் கணினி முழு வேகத்தில் ஓடினாலும் 120 வாட் அளவில்தான் கேட்டிருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையில், 12 வோல்ட் தடத்துக்கு 15 ஆம்பியர் என்று போட்டிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்: 12 × 15 = 180. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். '450' என்ற எண், கணினி அவ்வளவாகப் பயன்படுத்தாத 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களின் எண்களையும் தாராளமாகக் கூட்டி எழுதியது. ஆனால் அந்த 180 வாட்டே எங்களுக்குப் போதும். ஆக, அது வாட் போதாமல் கெடவில்லை. காவல் இல்லாமல் கெட்டது. அதே தரத்தில் 600 என்று அச்சிட்ட பெட்டியை வாங்கியிருந்தால் பெரிய எண்ணோடு எரிந்திருக்கும்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ். செய்யும் வேலை இரண்டு. ஒன்று, தரும் மின்னழுத்தத்தை வரம்புக்குள் வைத்திருப்பது. இன்டெல் 1995-ல் வகுத்த ஏ.டி.எக்ஸ். தரத்தின்படி 12 வோல்ட் தடம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது; அதாவது 11.4-க்கும் 12.6-க்கும் இடையே நிற்க வேண்டும். இரண்டு, அந்த வரம்பைக் காக்க முடியாத நிலை வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது. மின்னழுத்தம் மிகுந்தால், மின்னோட்டம் மிகுந்தால், குறுக்குச்சுற்று ஏற்பட்டால், வெப்பம் மிகுந்தால் நின்றுவிட வேண்டும். தான் செத்தாலும் பிறரைச் சாகவிடக் கூடாது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி இந்தக் காவல்கள் உண்டா என்பதே. வாட் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி.

'80 பிளஸ்' சான்று இருக்கிறதே என்பார்கள். 2004-ல் தொடங்கிய இந்தச் சான்று, சுமை 20, 50, 100 விழுக்காடாக இருக்கும்போது உள்வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. 2008-ல் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிகளும் வந்தன. இது பயனுள்ளதே. கணினிக்கு 120 வாட் வேண்டுமென்றால், 70 விழுக்காட்டுத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 171 வாட் இழுத்து 51 வாட்டை வெப்பமாக்கும். 85 விழுக்காட்டுப் பெட்டி 141 வாட் இழுத்து 21 வாட்டை மட்டும் வெப்பமாக்கும். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த 30 வாட் பெரிய வேறுபாடு. மின்தேக்கிகளைக் கொல்வது வெப்பம். பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. எனினும் இந்தச் சான்று வீணாகும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிரக் காவலைப் பற்றிப் பேசவில்லை. தங்கம் என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம்.

அப்படியானால் திறந்து பார்க்க முடியாத பெட்டியை எப்படி மதிப்பிடுவது? நாங்கள் கைக்கொள்ளும் வழிகள் எளியவை. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பார்ப்போம். 450 வாட் என்று சொல்லும் இன்றைய நல்ல பெட்டியில் அது 37 ஆம்பியருக்கு அருகில் இருக்கும், பெருக்கினால் 444. மேலே சொல்வதும் பக்கத்தில் சொல்வதும் பொருந்துகின்றன. அடுத்து, உத்தரவாதக் காலம். ஓராண்டு என்றால் ஆக்கியவருக்கே தம் பொருள்மீது அவ்வளவுதான் நம்பிக்கை. ஐந்தும் ஏழும் பத்தும் ஆண்டுகள் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது, பெட்டியைப் பிரித்து, சுமையேற்றி, அலைவுகளை அளந்து எழுதும் மதிப்புரைகள். நூல் மதிப்புரையைப் படித்துவிட்டுப் புத்தகம் வாங்கும் நமக்கு இது புதிய பழக்கமன்று. அளந்து எழுதியவர் யார், அட்டையைப் பார்த்து எழுதியவர் யார் என்று பிரித்தறிவதுதான் அங்கும் சிக்கல்.

இவ்வளவும் செய்தபின் வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். எங்கள் பழைய கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஓர் உணர்வு ஏற்படும். அதை நாங்கள் கணினிகளின் இயல்பென்றே நினைத்திருந்தோம். மூன்று துளை பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி நிலத்துக்கு அனுப்ப வேண்டிய சிறு மின்கசிவு, போக வழியின்றிக் கேபினெட்டில் தங்கிவிடுகிறது. எங்கள் வேலையில் அதற்கு வேறொரு விளைவும் இருந்தது. கேசட் கருவியைக் கணினியோடு இணைத்த கம்பி வழியே அந்தக் கசிவு பாய்ந்ததால், பதிவுகள் அனைத்திலும் பாட்டுக்கு அடியில் மெல்லிய 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஓடியது. பழைய நாடாவின் குறை என்று எண்ணினோம். எலக்ட்ரீசியனை அழைத்துக் குழி தோண்டி, உப்பும் கரியும் இட்டு எர்த் கம்பி இறக்கிய பிறகு எடுத்த பதிவுகளில் அது இல்லை. குறை நாடாவில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது.

2013-ல் இரண்டாவது கணினியைக் கட்டினோம். முதலில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம், மீந்த பணத்துக்கு ஏற்ற பிராசஸரை அதன்பின் தேர்ந்தோம். ஒரு படி தாழ்ந்த பிராசஸர்தான் கிடைத்தது. கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடிய முப்பது நிமிடம் என்றால் முப்பது நிமிடம் ஆகத்தான் வேண்டும். எந்தப் பிராசஸரும் பாட்டியை வேகமாகப் பாடவைக்க முடியாது. அந்த வேகக் குறைவை நாங்கள் ஒருநாளும் உணரவில்லை. அந்தக் கணினி 2025 வரை உழைத்தது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியதை ஒட்டி மூன்றாவதைக் கட்ட எண்ணி, டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேமின் விலை சில மாதங்களிலேயே இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்த நேரம் அது. பட்டியல் நினைத்ததைவிட நீண்டது. எங்கே குறைப்பது என்ற கேள்வி வந்ததும் கடைத் தம்பி விரலை வைத்த இடம், வாசகர்கள் ஊகிப்பது போல, கடைசி வரி. "எஸ்.எம்.பி.எஸ்.ல ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். வருகிறவர்கள் எல்லாரும் குறைக்கச் சொல்வது அதைத்தான் என்பதால் கேட்பதற்கு முன்பே சொல்லப் பழகியிருக்கிறார். நாங்கள் ரேமை 32 ஜிபியிலிருந்து 16 ஆகக் குறைத்தோம். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாமென்று அதைத் தன்னுள்ளேயே கொண்ட ரைசன் 5 5600ஜி பிராசஸரைத் தேர்ந்தோம். அதன்மேல் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 88 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. மதர்போர்டு, ரேம், விசிறிகளுக்கு 50 வாட்டும், எஸ்.எஸ்.டி.க்கும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளுக்குமாக 25 வாட்டும் வைத்துக்கொண்டால் 163. டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் விநாடிகளில் ஒவ்வொன்றும் 25 வாட் வரை கேட்கலாம் என்பதையும் சேர்த்தால்கூட 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆகவே நல்ல 450 வாட் தாராளம். விளையாட்டுக்கோ படத்தொகுப்புக்கோ தனிக் கார்டு பொருத்துவோர் கணக்கு வேறு. ஆர்.டி.எக்ஸ். 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். அவர்கள் 550 முதல் 650 வரை போகலாம். தேவையைக் கூட்டி, அதற்கு மேல் ஒரு பங்கு இடம் விட்டு, அங்கே நின்றுவிட வேண்டும்.

கழற்றி மாட்டும் கம்பிகளுடைய எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கணினிப் பக்கத்து முனைகளுக்குத் தரம் உண்டு; பெட்டிப் பக்கத்து முனைகளுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொன்றின் பெட்டியில் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். பெட்டியை மாற்றினால் கம்பிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எங்களோடு மாறுபடுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முதல் நியாயம்: இவ்வளவு தொல்லை எதற்கு, மடிக்கணினி போதாதா? பேட்டரி உள்ளேயே இருப்பதால் மின்வெட்டு அதை ஒன்றும் செய்யாது. எழுதவும் படிக்கவும் மட்டும் வேண்டுவோர் அதையே வாங்கட்டும். ஆனால் ஒரு பாகம் கெட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டும் வசதி அதில் அரிது. இரண்டாவது: யு.பி.எஸ். இருந்தால் எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போதுமே? யு.பி.எஸ். தேவைதான். ஆயினும் அது வெளியிலிருந்து வரும் கேட்டைத்தான் தடுக்கும். உப்பிப்போன மின்தேக்கியை அது ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது நியாயம்தான் எங்களைச் சுடுவது. வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ். எரிந்தால்தான் என்ன? உண்மை. ஏட்டுச்சுவடிகள் இன்று நம்மிடம் இருப்பதே, செல்லரிக்கும் முன் யாரோ மீண்டும் எழுதிவைத்ததனால்தான் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லும் நாங்கள், ஒரே டிஸ்க்கில் 31 கேசட்டுகளை வைத்திருந்தோம். அதற்கு எந்தக் கடைக்காரரும் பொறுப்பில்லை. இப்போது மூன்று நகல்கள் இருக்கின்றன. ஒன்று வேறோர் ஊரில். ஆனால் நகல் எடுக்கும் நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்துதான் உண்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

மீண்ட 37 கேசட்டுகளும் இன்று புதிய கணினியில் இருக்கின்றன. எரிந்த பெட்டியை நாங்கள் எறிந்துவிடவில்லை. துறை அலமாரியின் மேல்தட்டில், பாடாத ஒன்பது கேசட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலைப்பட்டியலோடு வரும் நண்பர்களிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். மேலே இருக்கும் 450-ஐ அவர்கள் படித்து முடித்ததும், பக்கவாட்டு அட்டவணையையும் படிக்கச் சொல்கிறோம்.